பட்டு அங்கியைக் கொடுத்தது யார்?

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதையான நியாலின் சாகாவைப் படித்து முடித்த ஒரு நண்பர், "அங்கே ஒழுங்கா ஒரு கோர்ட் இருந்திருந்தா இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டாங்க" என்றார். போகிறபோக்கில் சொன்னதுதான். ஆனால் என்னால் அதை விட முடியவில்லை. அந்தக் கதையில் பக்கத்துக்குப் பக்கம் கோர்ட்தானே வருகிறது! சாட்சியை எப்படி அழைக்க வேண்டும், எந்த நடுவரை எந்தக் காரணத்துக்காக விலக்கலாம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. பலர் அந்தப் பகுதிகளைத் தள்ளிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்கள். கதையின் மையத்தில் இருக்கும் நியால் சண்டைக்குப் போகிறவர் இல்லை. ஐஸ்லாந்திலேயே சட்டத்தில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று பெயரெடுத்தவர். சட்டத்தால்தான் நம் நாடு தழைக்கும், சட்டம் இல்லாவிட்டால் பாழாகும் என்று அவரே ஓரிடத்தில் சொல்கிறார். அப்படிப்பட்டவரின் வீட்டைத்தான் அவரும் மனைவியும் மகன்களும் பேரனும் உள்ளே இருக்கக் கொளுத்துகிறார்கள். சட்டம் தெரியாத காட்டுமிராண்டிகள், அதனால் வெட்டிக்கொண்டு செத்தார்கள் என்று சொல்லிவிட்டால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தக் கதை அந்த நிம்மதியைத் தருவதில்லை.

10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடப்பதாகச் சொல்லப்படும் கதை இது. 1280 வாக்கில் பெயர் தெரியாத ஓர் ஐஸ்லாந்துக்காரர் எழுதினார். அன்றைய ஐஸ்லாந்தில் அரசன் கிடையாது, காவல்படை கிடையாது. 930 முதல் ஒவ்வொரு கோடையிலும் திங்வெல்லிர் சமவெளியில் ஆல்திங் என்ற பொதுச்சபை கூடும். வழக்கு அங்கே நடக்கும், தீர்ப்பும் அங்கேயே. ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுவது ஜெயித்தவர் பாடு. ஒருவனைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவித்தால், அவனை யார் கொன்றாலும் குற்றமில்லை என்றாகும். அவனைத் தேடிப் போய்க் கொல்ல அரசு ஆள் அனுப்பாது. ஆக வழக்கும் பழிவாங்கலும் அங்கே எதிரெதிர் அணிகள் இல்லை. ஒரே பாதையின் இரண்டு பகுதிகள். கொலைக்கு வழக்கு போடலாம், நடுவர் வைத்துப் பணம் வாங்கலாம், இல்லை பதிலுக்குக் கொல்லலாம். மூன்றும் மரியாதையான வழிகள்தான். சும்மா இருப்பது மட்டும்தான் கேவலம்.

ஒரே பணப்பை

கதையின் முற்பாதியில், எனக்கு மிகவும் பயத்தைத் தருகிற பகுதி ஒன்று உண்டு. அதில் பெரிய சண்டை எதுவும் கிடையாது. நியாலின் மனைவி பெர்க்தோரா வீட்டு விருந்து. நியாலின் உயிர்நண்பன் குன்னாரின் மனைவி ஹல்கெர்டிடம், மருமகளுக்காக இடத்தை விட்டுத் தள்ளி உட்காரச் சொல்கிறாள் பெர்க்தோரா. நான் ஏன் நகர வேண்டும் என்கிறாள் இவள். உன் புருஷனுக்குத் தாடிகூட முளைக்கவில்லையே என்று ஒரு பேச்சு. உன் முதல் புருஷனுக்குத் தாடி இருந்ததே, அவனைக் கொல்ல வைத்தவள்தானே நீ என்று பதில். அடுத்த கோடையில் ஆண்கள் ஆல்திங்குக்குப் போயிருக்கும்போது, ஹல்கெர்டின் ஆள் பெர்க்தோராவின் வேலையாளை விறகு வெட்டும் இடத்தில் கொல்கிறான். குன்னார் மன்னிப்புக் கேட்டு 12 அவுன்ஸ் வெள்ளி கொடுக்கிறான். நியால் வாங்கிப் பத்திரமாக வைக்கிறார். அடுத்த முறை பெர்க்தோரா அனுப்பிய ஆள் கொல்கிறான். நியால் அதே பையை எடுத்துக் கொடுக்கிறார். தான் கொடுத்த அதே வெள்ளிதான் என்று குன்னாருக்குத் தெரிகிறது.

இப்படி ஆறு கொலைகள். முதலில் அடிமை அளவுக்கு விலை போட்ட வேலையாள், அப்புறம் மேற்பார்வையாளன், அப்புறம் சொந்தக்காரன். அடுத்து நியாலின் மகன்களைத் தூக்கி வளர்த்தவன், கடைசியில் குன்னாரின் உறவினன். விலையும் ஏறுகிறது: 12, 12, 100, 100, 200, 200. நண்பர்கள் இருவரும் ஒரு முறைகூட முகம் கோணவில்லை. கணக்கு ஒவ்வொரு முறையும் சுத்தமாக நேராகிறது. பலரும் இந்தப் பகுதியை நட்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நட்பு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் செத்த ஆறு பேரின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பை போய்ப் போய்த் திரும்பி வருவதால் இரண்டு வீட்டுக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் இல்லாததால் நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு சமரசமும் முந்தைய கொலையின் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த கொலைக்குப் புதுப்பக்கம் திறந்து கொடுக்கிறது. நல்ல மனசுள்ள இரண்டு பேர், நேர்மையாக, சட்டப்படி, அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

குன்னார் பின்னால் வேறு பகைகளில் செத்துப்போகிறான். பல பேர் நேசிக்கும் பாத்திரம் அவன். என்னை உலுக்குவது அதற்குப் பிறகு வரும் ஹொஸ்குல்ட்.

நியாலின் மூத்த மகன் ஸ்கார்ப்ஹெதின், உறைந்த ஆற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போய்த் திராயின் என்பவனை வெட்டிக் கொல்கிறான். அதற்கும் இழப்பீடு கொடுத்தாகிவிட்டது. அப்புறம் நியால், செத்தவனின் சின்னப் பையன் ஹொஸ்குல்டைப் பார்க்கப் போகிறார். ஒரு தங்க மோதிரத்தைக் கொடுத்து, உன் அப்பா எப்படி இறந்தார் தெரியுமா என்று கேட்கிறார். "ஸ்கார்ப்ஹெதின் கொன்றார் என்று தெரியும். அதற்கு முழு இழப்பீடு கொடுத்துச் சமரசம் ஆகிவிட்டது, அதைக் கிளற வேண்டியதில்லை" என்கிறான் பையன். என் கேள்வியைவிட உன் பதில் நல்ல பதில் என்கிறார் நியால். அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து மகனாக வளர்க்கிறார். அவன் பெண் கேட்ட இடத்தில், தலைவர் பதவி இல்லாதவனைக் கட்டமாட்டேன் என்று ஹில்டிகுன் சொன்னபோது, அவனுக்குப் பதவி கிடைப்பதற்காக ஆல்திங்கில் ஐந்தாம் நீதிமன்றம் என்ற புது அமைப்பையே நியால் கொண்டுவருகிறார். ஒரு கொலையின் பழியை அன்பால் முழுக்கத் துடைத்துவிட முடியும் என்று நம்பி ஒரு மனிதர் செய்த முயற்சி இது. அந்த முயற்சி கிட்டத்தட்ட ஜெயித்தும் விடுகிறது.

மோர்ட் என்ற ஒருவனின் கோள்பேச்சு அதைக் கெடுக்கிறது. ஹொஸ்குல்ட் உங்களைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான் என்று நியாலின் மகன்களிடம் ஓதி ஓதி நம்ப வைக்கிறான். ஒரு வசந்தகாலக் காலையில் ஒரு கையில் விதைக் கூடையும் மறு கையில் வாளுமாக வயலுக்கு வந்த ஹொஸ்குல்டை, நியாலின் மகன்களும் மருமகன் காரியும் மோர்டும் சேர்ந்து கொல்கிறார்கள். கடவுள் எனக்குத் துணை இருக்கட்டும், உங்களை மன்னிக்கட்டும் என்று சொல்லி விழுகிறான் அவன். என் மகன்களில் இருவரை இழந்து ஹொஸ்குல்ட் பிழைத்திருந்தால் அது மேல் என்கிறார் நியால்.

குவியலின் உச்சியில்

ஹொஸ்குல்டின் மனைவி ஹில்டிகுன், அவன் செத்தபோது போர்த்தியிருந்த மேலங்கியில் சிந்திய ரத்தத்தையெல்லாம் துடைத்துச் சேர்த்து, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அது அவளுடைய தந்தையின் சகோதரர் ஃபுளோசி அவனுக்குப் பரிசாகக் கொடுத்த அங்கி. ஃபுளோசி வந்ததும் எனக்காக என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறாள். சட்டப்படி கடைசிவரை வழக்கு நடத்துவேன், இல்லையென்றால் நல்லவர்கள் குறைசொல்ல முடியாத சமரசம் வாங்கித் தருவேன் என்கிறார் அவர். நீங்கள் செத்திருந்தால் ஹொஸ்குல்ட் ரத்தத்தால்தான் பழிதீர்த்திருப்பார் என்று சொல்லி, அந்த அங்கியை எடுத்து அவர் தோளில் போர்த்துகிறாள். காய்ந்த ரத்தக் கட்டிகள் அவர் மேல் பொலபொலவென்று உதிர்கின்றன. எங்கள் எல்லோருக்கும் எது மிக மோசமோ அதைச் செய்யச் சொல்கிறாய் என்று கத்துகிறார் ஃபுளோசி. அவர் முகம் ரத்தமாய்ச் சிவந்து, புல்லாய் வெளுத்து, கறுத்துப் போகிறது. பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடம் அந்நியமாக இருக்காது. பெண்களின் யோசனை கொடியது என்று ஃபுளோசியே சொல்கிறார், பெண்களின் பேச்சால்தான் எல்லாம் அழிந்தது என்று நிறைய வாசகர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சட்டத்தில் பெண் வழக்கு நடத்த முடியாது, நடுவராக உட்கார முடியாது. தன் கணவன் கொலைக்கு என்ன விலை என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவளுக்கு இடமே இல்லை. அவளிடம் இருந்தது நாக்கும் அந்த அங்கியும் மட்டும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபுளோசி சமரசத்துக்கு ஒத்துக்கொள்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆல்திங்கில் பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு நடுவர்கள். மூன்று மடங்கு உயிர்விலை, 600 அவுன்ஸ் வெள்ளி என்று தீர்ப்பு. அத்தனையும் உடனே, அங்கேயே கொடுத்தாக வேண்டும். நடுவர்களே பாதியைத் தங்கள் கையிலிருந்து போடுகிறார்கள். யாருக்கும் இன்னொரு சாவு வேண்டாம் என்பது அதிலேயே தெரிகிறது. வெள்ளி குவிகிறது. அப்போது நியால் ஒரு பட்டு அங்கியையும் ஒரு ஜோடி காலணியையும் எடுத்து அந்தக் குவியலின் மேல் வைக்கிறார். ஃபுளோசி வருகிறார், பணத்தைப் பார்த்துத் திருப்தி என்கிறார். அப்புறம் அங்கியைத் தூக்கிப் பிடித்து, இதைக் கொடுத்தது யார் என்று கேட்கிறார்.

யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பவும் அங்கியை ஆட்டிச் சிரித்துக்கொண்டே கேட்கிறார். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் நியால் வாயைத் திறந்துவிடமாட்டாரா என்று தவிக்கிறேன். "நான்தான் வைத்தேன்" என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. யார் கொடுத்ததாக நினைக்கிறாய் என்று ஸ்கார்ப்ஹெதின் கேட்க, தாடியில்லாத உன் அப்பனாகத்தான் இருக்கும், ஆணா பெண்ணா என்றே பலருக்குத் தெரியாதே என்கிறார் ஃபுளோசி. ஸ்கார்ப்ஹெதின் அங்கியைப் பிடுங்கிக்கொண்டு நீலக் கால்சட்டை ஒன்றை வீசி, உனக்குத்தான் இது தேவைப்படும் என்று அதைவிட அசிங்கமாகத் திட்டுகிறான். ஃபுளோசி வெள்ளிக் குவியலைக் காலால் எட்டி உதைக்கிறார். ஒரு காசு வேண்டாம், ஹொஸ்குல்டுக்கு இனி பழி தீர்ந்தாக வேண்டும், இல்லையேல் அவன் விலையில்லாமலே கிடக்கட்டும் என்கிறார். எல்லாம் முடிந்தது.

அந்த அங்கி எதற்கு என்று ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆண் பெண் இருவரும் அணியக்கூடிய உடை, அதனால் கேலியாகப் பட்டது என்பார்கள். தீர்ப்புக்கு மேல் கொடுத்தது அவமானமாகப் பட்டது என்பார்கள். இரண்டும் இருக்கலாம். நான் படிப்பது இப்படி: அந்த மைதானத்தில் இருந்தவர்களில் ஹொஸ்குல்டுக்காக உள்ளே நொறுங்கிப் போயிருந்தவர் நியால்தான். வளர்த்த தகப்பன். ஆனால் சட்டம் அவரை நிறுத்தியிருப்பது கொலைகாரர்களின் பக்கம், பணம் கட்டும் பக்கம். தன் துக்கத்தை வைக்க அங்கே அவருக்கு இடமே இல்லை, அந்தக் குவியலைத் தவிர. 600 என்ற கணக்குக்குள் அடங்காத ஒன்றை அவர் அதன் மேல் வைத்தார். கணக்கு பார்க்க வந்த கூட்டத்துக்கு அது என்னவென்றே புரியவில்லை. புரியாததை அவமானமாக எடுத்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அவரும் விளக்கிச் சொல்லவில்லை. அதுவரை எல்லாச் சிக்கலுக்கும் வழி சொன்ன வாய் அந்த ஒரு கேள்விக்கு மூடிக்கொண்டது.

அந்த இலையுதிர்காலத்தில் ஃபுளோசியின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்து தீவைக்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே விடுகிறார்கள். நியாலையும் வெளியே வரச் சொல்கிறார் ஃபுளோசி. வரமாட்டேன், நான் கிழவன், என் மகன்களுக்காகப் பழிவாங்கும் தெம்பு எனக்கு இல்லை, அவமானத்தோடு வாழ விருப்பமில்லை என்கிறார் அவர். எத்தனையோ பகைகளைப் பேசித் தீர்த்த நியால் கடைசியில் சொல்லும் காரணம் இது. சின்ன வயதில் இவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இருவருக்கும் ஒரே கதிதான் என்று வாக்குக் கொடுத்தேன் என்று பெர்க்தோராவும் இருந்துவிடுகிறாள். காரியின் மகன், சிறுவன் தோர்டை அவள் வெளியே போகச் சொல்ல, "நாம பிரியவே மாட்டோம்னு சொன்னீங்களே பாட்டி" என்று அவனும் அவர்கள் நடுவே படுத்துக்கொள்கிறான். ஒரு மாட்டுத்தோலை மூவர் மேலும் போர்த்துகிறார்கள். காரி மட்டும் தலைமுடியும் துணியும் எரிய எரியப் புகைக்குள் குதித்துத் தப்புகிறான்.

இதை எழுதியவருக்கு இது வெறும் பழங்கதை இல்லை. 1253இல், அவர் காலத்துக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், ஃபுளுகுமிரி என்ற பண்ணையில் ஒரு கல்யாணம் நடந்தது. இரண்டு பகைக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கவே நடந்த கல்யாணம். பையன் கிசுர் தோர்வால்ட்சனின் மகன், பெண் வரலாற்றாசிரியர் ஸ்டுர்லா தோர்தார்சனின் மகள். கல்யாண விருந்து முடிந்த கையோடு எதிரிகள் வந்து வீட்டைக் கொளுத்தினார்கள். கிசுரின் மனைவியும் மகன்களும் உட்பட 25 பேர் இறந்தார்கள். கிசுர் புளித்த பால்நீர் வைத்திருந்த தொட்டிக்குள் ஒளிந்து பிழைத்தார், அப்புறம் தீவைத்தவர்களில் பலரைத் தேடிப் பழிதீர்த்தார். 1262இல் ஐஸ்லாந்துத் தலைவர்கள் நார்வே அரசனுக்குப் பணிந்தபோது அந்தச் சுதந்திர நாடே முடிந்துபோனது. சமரசக் கல்யாணமே தீயில் முடிந்ததைக் கேள்விப்பட்டு வளர்ந்த ஒருவர், சமரசம் எந்த இடத்தில் உடைகிறது என்று இவ்வளவு உன்னிப்பாகத் தேடியதில் ஆச்சரியம் இல்லை.

விலை கேட்காதவர்

நண்பர் கேட்ட ஒழுங்கான கோர்ட் தீவைப்புக்குப் பிறகும் கூடுகிறது. ஐந்தாம் நீதிமன்றத்தில் வழக்கு. அதை நடத்த நிர்ப்பந்திக்கப்படுபவன் மோர்ட், கோள் மூட்டிய அதே ஆள். நடுவர்களில் இன்னும் ஆறு பேரை விலக்கியிருக்க வேண்டும், விலக்கவில்லை என்ற ஓட்டையில் வழக்கு செத்துப்போகிறது. நியாலிடம் சட்டம் படித்த தோர்ஹால், காலில் பெரிய கட்டி வந்து கூடாரத்தில் படுத்திருக்கிறான். செய்தி கேட்டதும் ஈட்டியால் அந்தக் கட்டியைக் குத்திக் கிழித்துவிட்டு ஓடிவந்து, முதலில் கண்ணில் பட்ட எதிரியைக் கொல்கிறான். ஆல்திங் மைதானம் போர்க்களமாகிறது. நியாலின் சிறந்த மாணவன்தான் அந்த முதல் அடியை அடித்தவன்.

மறுநாள் எல்லோரும் சட்டப் பாறையின் முன் கூடுகிறார்கள். சீடா ஊர் ஹால் எழுந்து நிற்கிறார். ஃபுளோசியின் மாமனார், ஊரே மதிக்கும் மனிதர். முந்தைய நாள் சண்டையில் அவர் மகன் லியோட் செத்திருக்கிறான். அவர் சொல்வதன் சாரம் இது: என் மகனை இழந்த துக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், செத்தவர்களில் அவனுக்குத்தான் அதிக விலை வரும் என்று பலர் நினைப்பீர்கள், சமாதானத்துக்காக நான் அவனை விலையில்லாமலே விட்டுவிடுகிறேன், அதோடு என் எதிரிகளுக்கு அமைதி வாக்கும் தருகிறேன்.

கதையின் நடுப்புள்ளி எது என்று கேட்டால் தீயைச் சொல்பவர்கள்தான் அதிகம். எனக்கு இதுதான். அதுவரை ஒவ்வொருவரும் சமமாக்கப் பார்த்தார்கள். உயிருக்கு உயிர், இல்லை உயிருக்கு வெள்ளி. சமமாகிவிட்டது என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. ஹால் சமமாக்க முயலவே இல்லை. தன் பக்கம் குறைவாகவே இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொண்டார். நியால் எந்த அவமானத்தோடு வாழ முடியாது என்றாரோ, அதை இவர் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார். அந்த வார்த்தைகளுக்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள். அங்கிருந்த மக்கள் தாங்களாகவே பணம் போட்டு லியோடுக்காக 800 அவுன்ஸ், நான்கு மடங்கு உயிர்விலையை ஹாலுக்குச் சேர்த்துத் தருகிறார்கள். எல்லோராலும் இப்படிச் செய்திருக்க முடியுமா என்றால், முடியாது. ஏழைக் குடியானவன் ஒருவன் மகனுக்கு விலை வேண்டாம் என்றிருந்தால், பயந்துவிட்டான் என்றிருப்பார்கள்; அடுத்த வருஷம் இன்னொரு மகனையும் இழந்திருப்பான். ஹாலிடம் விட்டுக்கொடுக்க மரியாதை நிறைய இருந்தது. அதனாலேயே அவர் செய்தது சின்னது என்று நான் சொல்லமாட்டேன். அதே அளவு மரியாதை இருந்தவர்கள் அந்த மைதானத்தில் பலர் இருந்தார்கள், எழுந்தவர் அவர்தான்.

அதன் பிறகு வந்த தீர்ப்பு கணக்கை நேர் செய்கிறது. நியாலுக்கு மூன்று மடங்கு, பெர்க்தோராவுக்கு இரண்டு மடங்கு. ஸ்கார்ப்ஹெதினின் சாவு ஹொஸ்குல்டின் சாவோடு கழிக்கப்படுகிறது. தீவைத்தவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். காரி சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளாததால் அவன் மகன் தோர்டின் சாவுக்கு எந்த விலையும் வைக்கப்படவில்லை. காரி தீவைத்தவர்களைக் கடல் தாண்டியும் துரத்துகிறான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில் கிறிஸ்துமஸ் நாளன்று, ஸ்கார்ப்ஹெதின் தீயில் அழுதான் என்று பொய்க்கதை சொல்லிக்கொண்டிருந்த குன்னார் லாம்பாசனின் (தீவைத்தவர்களில் ஒருவன், நியாலின் நண்பன் குன்னார் இல்லை) தலையை அரசன், பிரபுக்கள் முன்னாலேயே வெட்டுகிறான். அப்போது காரிக்காகப் பேசுபவர் யார் தெரியுமா? ஃபுளோசி. அவன் எங்களோடு சமரசம் செய்யவில்லை, அவனுக்கு உரிமையானதைத்தான் செய்தான் என்கிறார்.

பின்னால் இருவரும் தனித்தனியே ரோமுக்கு யாத்திரை போய்வருகிறார்கள். திரும்பும்போது காரியின் கப்பல் ஐஸ்லாந்தின் தென்கரையில் உடைகிறது. பனிப்புயலில் ஆட்களோடு நேராக ஃபுளோசியின் வீட்டுக்குள் போகிறான், அவருடைய பெருந்தன்மையைச் சோதித்துப் பார்க்க. ஃபுளோசி அடையாளம் கண்டு, துள்ளி எழுந்து முத்தமிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். நடுவர் இல்லை, வெள்ளி இல்லை. காரியின் மனைவி அதற்குள் இறந்திருக்க, ஃபுளோசி அவனுக்கு ஹில்டிகுனைக் கட்டிவைக்கிறார். ஹொஸ்குல்டைக் கொன்றவர்களில் ஒருவனை, ஹொஸ்குல்டின் விதவைக்கு. இங்கேதான் எனக்கு இந்த ஆசிரியர் மேல் கோபம் வருகிறது. ரத்தம் தோய்ந்த அங்கியைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்த பெண் இதற்கு என்ன சொன்னாள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஆண்களின் சமாதானத்தில் அவள் மறுபடியும் ஒரு முத்திரையாக வைக்கப்படுகிறாள், ஃபுளுகுமிரியின் மணப்பெண்ணைப் போல. அவள் மன்னித்தாளா, களைத்துப்போனாளா, கேட்கவே இல்லையா? நமக்குக் கிடைப்பது அவர்களுடைய மகன்களின் பெயர்கள் மட்டும். ஸ்டார்காட், தோர்ட், ஃபுளோசி. ஸ்டார்காட் அவள் அப்பாவின் பெயர். தோர்ட், பாட்டியோடு எரிந்துபோன பையனின் பெயர். மூன்றாவது, அந்தத் தீயை வைத்தவரின் பெயர்.